நிற்பதற்கு வரிசை எங்கே இருக்கிறது?
சிறுவயதிலேயே அமெரிக்காவுக்கு வந்து, உரிய அனுமதி இல்லாமல் அங்கேயே வளர்ந்தவர்களைப் பற்றி, "சட்டப்படி வரிசையில் நின்று குடியுரிமை வாங்கட்டுமே" என்று இங்கே பலர் எழுதியிருக்கிறீர்கள். இவர்களில் டாகா (DACA) என்ற தற்காலிக அனுமதியோடு வாழும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு நிற்க வரிசையே கிடையாது, பிரச்சினையே அதுதான். 2012 ஜூனில் ஒபாமா நிர்வாகம் கொண்டுவந்த இந்த ஏற்பாடு, 16 வயதுக்குள் வந்தவர்களை இரண்டிரண்டு வருடமாக நாடுகடத்தாமல் வைத்திருக்கிறது, வேலை பார்க்க விடுகிறது, அவ்வளவுதான். நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் கிரீன் கார்டுக்கு அதில் வழி இல்லை. காலம் முடியுமுன் மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம். புது வேலை அனுமதி அட்டை வரத் தாமதமானால் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையே போய்விடும்.

ஒபாமா காங்கிரஸை (அமெரிக்க நாடாளுமன்றத்தை) தாண்டிப் போனது சரியில்லை என்ற வாதத்தில் நியாயம் உண்டு, அதனால்தான் 2021இல் டெக்சாஸ் நீதிமன்றம் குறுக்கே வந்து புது விண்ணப்பங்கள் முடங்கின. சரி, காங்கிரஸ் என்ன செய்தது? இவர்களுக்கு நிரந்தரமாகத் தங்க வழி தரும் ட்ரீம் மசோதா 2001இலேயே இரு கட்சி ஆதரவோடு வந்தது. 2010இல் கீழவையில் நிறைவேறியும், மேலவையான செனட்டில் 55 ஓட்டு கிடைத்தும், விவாதத்தை முடித்து மேலே போகத் தேவையான 60 இல்லை என்று விழுந்தது. அன்று பள்ளியில் இருந்தவர்கள் இன்று பிள்ளை பெற்றுவிட்டார்கள்.

அப்புறம், வரிசையில் நிற்பவர்கள் கதையையும் பாருங்கள். எச்1பி என்ற வேலை விசாவில் போன நம் ஊர்க்காரர்களின் பிள்ளைகள் சட்டப்படி இருப்பதால் டாகாவில் சேரமுடியாது. பெற்றோரின் கிரீன் கார்டு வருடக்கணக்கில் இழுத்தால், 21 வயதானதும் அந்தப் பிள்ளைகள் பெற்றோரை ஒட்டிய விசாவிலிருந்தும் வெளியே. புதுச் சட்டம் எழுதினால் இந்தப் பிள்ளைகளையும் அதில் சேர்க்க வேண்டும்.