சூனியக்காரியாம்ல!

எங்க சர்ச் குரூப்ல போட்ட ஸ்லைடு ஷோவைப் பாத்தவங்களுக்குத் தெரியும் எதைச் சொல்றேன்னு. பிலிப்பைன்ஸ்ல இருக்குற மிண்டனாவ் தீவுக்கு ஊழியத்துக்குப் போயிட்டு வந்த டீமோட ரிப்போர்ட்டு. வெத்தலை போட்டு வாய் செவந்த, மனோபோங்கிற பழங்குடிக் கெழவி ஒருத்தி போட்டோ, கீழ "பேயைக் கும்பிட்ட சூனியக்காரி, கடவுளையே அறியாத ஜனம்". நாப்பது பேர் ஆமென் போட்டாச்சு.

கடவுளை அறியாத ஜனமா? மேற்கு புக்கிட்னான் மனோபோ மொழியில பைபிள் போட்ட மிஷனரிங்களே கடவுளுக்கு 'மனாமா'ன்னுதான் எழுதுனாங்க. அது யாரு வச்ச பேரு? அந்த ஜனங்க காலங்காலமா கூப்பிட்ட பேரு. பேரை மட்டும் வாங்கிக்குவீங்க, ஆனா கடவுளே தெரியாதுன்னும் சொல்லுவீங்க, நல்லாருக்குய்யா.

பேயைக் கும்பிட்டாளாம். அவ பாய்லான், அதாவது ஆவிங்களைக் கூப்பிட்டு நோய் தீர்க்குற பூசாரின்னா, அவ வேலையே பேய்கிட்ட இருந்து ஆளை மீட்குறதுதான். ரத்தம் குடிக்கிற பேய்க்கு அங்க புசாவ்னு பேரு. நோயாளி பக்கத்துல இருந்து திவாட்டாங்கிற துணை ஆவியை அழைச்சு, பன்னியைப் பலி குடுத்து அந்தப் புசாவை வெரட்டணும். அந்த திவாட்டாவும் நம்ம 'தேவதை'யும் ஒரே சம்ஸ்கிருத வேர்ல வந்த சொல்லுதான், கடல் தாண்டுனதும் நமக்குப் பேயாயிருச்சு!

லிமோகோன்னு ஒரு காட்டுப்புறா, அது தப்பான பக்கத்துல கூவுனா மனோபோக்காரங்க கெளம்புன பயணத்தை நிறுத்திருவாங்க. இதுக்கு கூட்டத்துல ஒரே சிரிப்பு. எங்க ஆச்சி ஒரு ஞாயிறு கூட கோவில் ஆராதனையை விட்டவ இல்ல, பல்லி கத்துனா மட்டும் தூக்குன பையைக் கீழ வச்சிருவா. அவளை யாரும் சூனியக்காரின்னு சொல்லலையே, பெரிய ஜெபவீராங்கனைன்னுதான அடக்கம் பண்ணீங்க?

"நீயே கிறிஸ்தவன், உனக்கென்ன?" அதனாலதான் வலிக்குது. "பள்ளிக்கூடம், மருந்தெல்லாம் யாரு குடுத்தா?" சரி, குடுத்தாங்க, இல்லைங்கல. மிஷனரியே வேண்டாம்னும் நான் சொல்லல. மிண்டனாவ்ல இருக்குற அரக்கான்ல மனோபோ நிலத்துக்காக நின்ன ஃபாதர் ஃபௌஸ்டோ தெந்தோரியோவை 2011ல சர்ச் வளாகத்துலயே சுட்டுக் கொன்னாங்க, அவரும் மிஷனரிதான். 2015ல அதே மிண்டனாவ்ல லியாங்காங்கிற ஊர்ல ஆயுதக் கும்பல் புகுந்து பழங்குடிப் பிள்ளைங்க ஸ்கூல் நடத்துனவரையும் ரெண்டு மனோபோ தலைவர்களையும் கொன்னுச்சு. ஸ்லைடுல இதெல்லாம் எங்க? நிலம், சுரங்கம்னு பேசுனா காணிக்கை விழாது, கெழவி போட்டோவுக்குத்தான் விழும். இதைச் சொன்னா நான் 'புறஜாதிப் பழக்கத்துக்கு வக்காலத்து வாங்குறவன்'. வாங்குறேன், இப்ப என்னங்கிறீங்க?

நேத்து நைட்டு குரூப்ல இருந்து என்னைத் தூக்கிட்டாங்க. ஆச்சி இருந்தா, "பல்லி அப்பவே சொல்லுச்சேல"ன்னுருப்பா.