கை தட்டின அம்மாமாருக்கு

பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்தில் ஒரு ஐயா பேசின வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "பெரியபிள்ளையான பெட்டையளுக்கு என்ன பி.ரி.? அந்தப் பாடத்தைக் கணக்குக்குக் குடுங்கோ." மாதவிடாய் தொடங்கின பிள்ளைகளுக்கு உடற்பயிற்சிப் பாடம் வேண்டாம் என்கிறார். அவர் பேசினதைக்கூட விட்டுவிடுவேன். மண்டபத்தில் இருந்த அம்மாமார் கை தட்டினார்களே, அதுதான் இரண்டு நாளாக நெஞ்சில் நிற்கிறது. அதில் என் வயதுக்காரர் பாதிப்பேர். எல்லாரும் ஒரு காலத்தில் ஓடினவர்கள்.

பெரியபிள்ளையான பிறகுதான் பிள்ளை ஓட வேண்டும். இதை எத்தனை தரம் என்றாலும் சொல்லுவேன்.

மகளுக்குப் போன வருடம் முழங்காலுக்குக் கீழே நோவு. காட்டப் போன இடத்தில் வைத்தியர் சொன்னது: "வளருற பிள்ளையளுக்கு இது வாறதுதான். நோ கூடின நாளில குறைச்சு ஓடட்டும், முற்றாக நிப்பாட்டிப் போடாதேங்கோ." அதற்குப் பிறகுதான் நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். பெண்பிள்ளைகள் மளமளவென்று உயர்வது பெரும்பாலும் 11, 12 வயதில். உச்சத்தில் வருடத்துக்கு 8 சென்ரிமீற்றர் அளவில் வளருவார்கள். அந்த வேகம் தணியத் தொடங்கும்போதுதான் பொதுவாக முதல் மாதவிடாய் வரும். ஆனால் எலும்பு முதலில் நீளும், சில மாதம் பிந்தித்தான் உள்ளே கல்சியம் நிறைந்து கெட்டியாகும். வளர்ந்த பெண்ணின் எலும்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு முதல் மாதவிடாயை ஒட்டிய இரண்டு வருடத்துக்குள் சேருகிறது. ஓடுவதும் குதிப்பதும் எலும்பில் தட்டித் தட்டி அதை உறுதியாக்கும் காலம் இதுதான். நாங்கள் மண்டபம் பதிந்து, கார்ட் அடித்து, சாமத்தியவீடு (பூப்புச் சடங்கு) வைக்கிற காலமும் இதுதான்.

சாமத்தியவீட்டைக் குறை சொல்லுகிறேன் என்று ஆரும் வரவேண்டாம். நானும் மகளுக்குத் தண்ணி வார்த்தேன். பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுத்தங்களி எல்லாம் முறைப்படி கொடுத்தோம். என்னத்துக்குக் கொடுக்கிறோம்? "இடுப்பெலும்பு பலப்படவேணும்" என்றுதானே எங்கள் அம்மம்மாமார் சொன்னார்கள்? அந்த வயதில் எலும்பைக் கவனிக்க வேண்டும் என்று அந்தக் காலத்து மனிசருக்கே விளங்கியிருக்கிறது. பிறகு ஏன் களியைக் கிண்டிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் கதிரையில் இருத்துகிறோம்?

1998இல் எனக்கு 13 வயது. எட்டாம் வகுப்பு. 100 மீற்றரில் நீல இல்லத்துக்கு நான்தான் முதல். சப்பாத்து இல்லை, வெறுங்காலோடுதான் ஓடினோம். மாசி மாதம் நான் பெரியபிள்ளையானேன். பங்குனியில் விளையாட்டுப்போட்டி. அம்மா ரீச்சருக்கு ஒரு கடிதம் எழுதி என் கையிலேயே கொடுத்துவிட்டா. "பிள்ளைக்கு உடல்நிலை சரியில்லாத காரணத்தால்" என்று இருந்தது. எனக்கு உடம்புக்கு ஒரு வருத்தமும் இல்லை. வகுப்பு வாசலில் நின்று அந்தக் கடிதத்தை நாலைந்து தரம் படித்தேன். கிழித்து எறியத் துணிவு வரவில்லை. போட்டியன்று வெள்ளைச் சட்டையோடு கூடாரத்துக்குள் இருந்து சோடா எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் ஓடவே இல்லை.

சிலர் இன்பொக்ஸில் வந்து கேட்கிறார்கள். "கண்டபடி ஓடினால் கர்ப்பப்பை இறங்காதோ?" இறங்காது. வளருகிற பெண்பிள்ளை ஓடிக் கர்ப்பப்பை இறங்கும் என்பதற்கு ஆதாரமே இல்லை. பாரம் தூக்கினால் கட்டையாகிவிடுவாள் என்பதும் அப்படித்தான். சரியாகப் பழக்கிற ஒருவர் பக்கத்தில் நின்றால் வளர்ச்சி நிற்காது. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். சாப்பாடு போதாமல் மிதமிஞ்சிப் பயிற்சி செய்தால் மாதவிடாய் பிந்தும், நின்றும் போகலாம். உண்மை. ஆனால் பி.ரி. பாடத்தில் மைதானத்தை இரண்டு சுற்று ஓடுகிற பிள்ளைக்கு அந்தக் கதை எதற்கு?

"சோதனை முக்கியம் அக்கா" என்கிறீர்கள். என் மகளும் படிக்கிறாள். விடிய ஐந்தரைக்கு ஒரு ரியூசன், பின்னேரம் ஒன்று, சனி ஞாயிறு முழுக்க. கணக்குக்கு இதற்கு மேலும் நேரம் வேண்டுமென்றால் நித்திரையில்தான் எடுக்க வேண்டும். 17 வயது வரைக்கும் நாளுக்கு 60 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் பிள்ளைகளுக்குக் கிழமைக்கு ஒன்றிரண்டு பாடம் கிடைக்கிறது. அதையும் பிடுங்கக் கை தட்டுகிறீர்கள்.

இது யாழ்ப்பாணத்தில் மட்டும் உள்ள குறை இல்லை என்பதும் தெரியும். அதே நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 11 முதல் 17 வயது வரையான பள்ளிப் பிள்ளைகளில் பெண்கள் 85 வீதம், ஆண்கள் 78 வீதம் போதிய அளவு உடற்பயிற்சி இல்லாதவர்கள். பெடியளுக்கும் இந்த வயது லேசானதில்லை. ஒரே வகுப்பில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்தில் இருப்பவன் குழந்தை மாதிரி இருப்பான். இரண்டு பேருக்கும் ஒரே வயதுப் பிரிவு. பிந்தி வளருகிறவன் ஒருக்காத் தோற்றதோடு மைதானத்தை மறந்துவிடுகிறான். அவனைப் பற்றியும் ஆரும் பேசுவதில்லை.

சரி, பெட்டையள் ஏன் உண்மையில் ஓடுவதை விடுகிறார்கள்? என் பிள்ளையைப் பார்த்துச் சொல்லுகிறேன். முதுகில் போடுகிற புத்தகப்பையை ஆறு மாதமாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகிறாள். ஓடச் சொன்னால் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு ஓடுகிறாள். அப்படி ஆரால் ஓட முடியும்? பொருத்தமான உள்ளாடை ஒன்று வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கே பிந்தித்தான் விளங்கியது. அது என் பிழை. பிறகு அந்த வெள்ளைச் சட்டை. கறை தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் இருந்த இடத்தை விட்டு எழும்பாத பிள்ளைகள் எத்தனை? பள்ளிக்கூடக் கழிவறையில் கதவுக்குக் கொண்டி இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிக்க வேண்டும். நப்கின் போட வாளி இல்லை. பிள்ளையளின் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அந்த ஐயா இதில் ஒன்றையும் பேசவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்து ஈவினையில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் 2018இல் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் விளையாடியபோது எல்லாரும் "எங்கட பிள்ளை" என்று படம் போட்டீர்கள். தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியில் படித்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசியச் சாதனை படைத்தபோதும் போட்டீர்கள். அவர்களும் 13 வயதைத் தாண்டித்தானே வந்தார்கள்? அந்த வயதில் அவர்கள் வீட்டிலும் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தால்?

என் அம்மா போன ஆவணியில் கிணற்றடியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. 68 வயது. எலும்பு தேய்ந்துவிட்டது என்றார்கள். அவவும் எட்டாம் வகுப்போடு ஓட்டத்தை விட்டவ. அதனால்தான் முறிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கால் பிடித்துவிடுகிற நேரமெல்லாம் எனக்கு அந்தக் கடிதம்தான் ஞாபகம் வருகிறது. அம்மாவிடம் இதுவரை கேட்கவில்லை. இனிக் கேட்கவும் மாட்டேன். அவவுக்கு அவவின் அம்மா சொன்னதைத்தான் அவ எனக்குச் செய்தா.

நேற்று ஹாட்வெயார் கடையில் ஒரு கொண்டியும் நாலு ஆணியும் வாங்கினேன். அதிபர் ஓம் என்றால் சனிக்கிழமை காலமை ரியூசனுக்குப் பிள்ளையை இறக்கிவிட்டு நானே போய் அந்தக் கழிவறைக் கதவில் பொருத்திவிடுவேன். அங்கே கதவு மூன்று இருக்கிறது. மற்ற இரண்டுக்கும் ஆராவது வாங்கித் தருவதென்றால் கீழே சொல்லுங்கோ.