எந்த எபிசோடில் விட்டீங்க?

மூன்று வாரத்துக்கு முன்னால் நண்பன் ஒருவன் ஒரு வெப் சீரிஸ் பற்றிச் சொன்னான். சொன்னான் என்பதைவிட ஒற்றைக்காலில் நின்றான் என்பதே சரி. "டேய், வேற லெவல்டா. இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சிரு." ஆரம்பித்தேன். இரண்டாவது எபிசோடின் பாதியில் கை தானாகப் போனைத் தேடிப் போனது. மூன்றாவதை ஓடவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அதோடு சரி.

ஆனால் அவன் விடுவதாக இல்லை. ரெண்டு நாளைக்கு ஒரு மெசேஜ். "எங்க இருக்க?" "நாலு முடிச்சிட்டேன்டா." "அஞ்சு ஓடிட்டிருக்கு." நானும் கூசாமல் அளந்துகொண்டிருந்தேன். ஆறு முடித்துவிட்டேன் என்று சொன்ன அன்றைக்குப் போனே போட்டுவிட்டான்.

"சரி, சொல்லு. அந்த அண்ணன்காரன் திரும்பி வந்தானா இல்லையா?"

எனக்குத் திக்கென்றது. மாட்டிக்கொண்டோம், சோதித்துப் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவனுக்கே தெரியாது. நாலாவது எபிசோடில் நிறுத்தியவன் அதற்கு மேல் போகவேயில்லை. "எல்லாரும் ஆஹா ஓஹோன்னு எழுதியிருந்தாங்கடா. நான் மட்டும் புடிக்கலன்னு சொன்னா ஒரு மாதிரி இருக்கும்ல?" என்றான். ஆக, முடிக்காத ஒருவன் பரிந்துரைத்ததை முடிக்காத இன்னொருவன் முடித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறான். இதில் யார் பெரிய புளுகன் என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

அன்றிலிருந்து படம், சீரிஸ் பற்றி யார் எழுதினாலும் எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் முதலில் வருகிறது: இவர் இதை முழுசாகப் பார்த்தாரா? அதைவிட முக்கியமாக, பாதியில் விட்டவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

என் டைம்லைனில் வருவதை எல்லாம் எடுத்துப் பாருங்கள். 'மஸ்ட் வாட்ச்', 'மிஸ் பண்ணிடாதீங்க', 'தரமான சம்பவம்'. இல்லையென்றால் நேர் எதிராக 'மரண மொக்கை', 'ரெண்டு மணி நேரம் வேஸ்ட்'. திட்டுபவர்கூடக் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் திட்டுகிறார். ஆனால் நம் வீடுகளில் அன்றாடம் நடப்பது இந்த இரண்டும் இல்லை. போட்டோம், பார்த்தோம், நாளைக்கு மிச்சம் என்று அணைத்தோம், அந்த நாளை வரவில்லை. இதுதான் நடக்கிறது. திட்டும் அளவுக்குக் கோபமும் வரவில்லை, கொண்டாடும் அளவுக்கு ஒட்டவும் இல்லை. அதை எழுத யாருக்கும் தோன்றுவதில்லை.

தியேட்டரில் பாதியில் எழுந்து வருவது ஒரு சம்பவம். நாலு பேர் காலை மிதித்து, திரை வெளிச்சத்தில் குனிந்து வெளியே வரவேண்டும். வந்தவன் அதை நாலு பேரிடம் சொல்லாமல் இருக்கமாட்டான். வீட்டில் அது ஒரு பட்டன். பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. 'தொடர்ந்து பார்க்க' என்ற வரிசையில் அந்தப் படம் முக்கால் சிவப்புக் கோட்டோடு மாதக்கணக்கில் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். எனக்கு அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் பதில் போடாமல் விட்ட கடிதங்கள் ஞாபகம் வரும்.

சொல்லாமல் விடுவதால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். கெடுகிறது. சும்மா ஒரு கணக்குக்கு, நூறு பேர் ஒரு சீரிஸை ஆரம்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சீசனிலேயே நாற்பது பேர் கழன்றுகொள்கிறார்கள். இரண்டாவதில் இன்னும் இருபது. மூன்றாவது சீசனுக்கு மதிப்பெண் போட மிஞ்சியிருப்பது யார்? அந்த சீரிஸ் எப்படி இருந்தாலும் பார்ப்பேன் என்று ஒட்டிக்கொண்ட நாற்பது பேர். அவர்கள் ஒன்பது போடாமல் வேறென்ன போடுவார்கள்? நாம் வெளியே நின்று 'அடேயப்பா, போகப்போக ஏறுதே' என்று வியக்கிறோம். சீரிஸ் ஏறவில்லை. பிடிக்காதவர்கள் இறங்கிவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், நாம் ஒருவருக்கொருவர் மறைக்கும் இந்த விஷயம் ஒளிபரப்பும் நிறுவனத்துக்கு நிமிடக் கணக்கில் தெரியும். நெட்ஃபிளிக்ஸ் தபாலில் டிவிடி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் அவர்களுக்கு இது தெரியாது. வட்டு போனது, வட்டு திரும்பி வந்தது. நடுவில் நீங்கள் பார்த்தீர்களா, கவரைக்கூடப் பிரிக்காமல் அனுப்பிவிட்டீர்களா என்பதை உங்களைக் கேட்டால்தான் உண்டு. அதனால்தான் நட்சத்திரம் போடச் சொல்லிக் கெஞ்சினார்கள். யாருக்கு எது பிடிக்கும் என்று தாங்கள் கணிப்பதைவிடப் பத்து சதவீதம் துல்லியமாகக் கணித்துக் காட்டுபவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் என்று 2006-ல் ஒரு போட்டியே வைத்தார்கள். பார்வையாளர்கள் போட்ட பத்துக் கோடி மதிப்பீடுகளைப் போட்டியாளர்களிடம் கொடுத்தார்கள். 2009-ல் ஓர் அணி பரிசை வாங்கியும் விட்டது. ஆனால் ஜெயித்த அந்தக் கணக்கை அவர்கள் முழுசாகப் பயன்படுத்தவே இல்லை. அதை ஓடவைக்கும் சிரமத்துக்கு அந்தப் பலன் போதாது என்றார்கள். அதற்குள் காலமும் மாறிவிட்டது. 2007-லேயே இணையம் வழியாகப் படம் ஓடத் தொடங்கியிருந்தது. நீங்கள் எங்கே நிறுத்தினீர்கள், எதை ஓட்டிவிட்டீர்கள் என்பதெல்லாம் தானாகவே வந்து விழும்போது நட்சத்திரத்தை யார் எண்ணுவார்கள்?

2017-ல் அந்த நட்சத்திரங்களையே எடுத்துவிட்டு, பிடித்தால் மேலே பிடிக்காவிட்டால் கீழே என்று காட்டும் கட்டைவிரலை வைத்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். மனிதர்கள் கனமான ஆவணப்படத்துக்கு ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள், லேசான காமெடிக்கு மூன்று போடுகிறார்கள். ஆனால் ராத்திரி உட்கார்ந்து பார்ப்பது அந்தக் காமெடியைத்தான். நட்சத்திரம் போடும்போது நாம் யாராக இருக்க ஆசைப்படுகிறோமோ அவராக மாறிவிடுகிறோம். ரிமோட்டைக் கையில் எடுக்கும்போதுதான் நாம் நாமாக இருக்கிறோம். என் நண்பனுடைய 'ஒரு மாதிரி இருக்கும்ல'-வும் இதே கதைதான்.

அதற்காக அவர்கள் வெளியே சொல்லும் கணக்கையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு காலத்தில் எழுபது சதவீதமாவது பார்த்தால்தான் 'பார்த்தார்' என்று எண்ணினார்கள். 2019 கடைசியில் அதை மாற்றி, இரண்டு நிமிடம் ஓடினாலே ஒரு பார்வை என்று கணக்குக் கொடுத்தார்கள். இரண்டு நிமிடத்தில் எனக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதற்கே நேரம் சரியாக இருக்கும். 2023-லிருந்து, மொத்தம் பார்த்த நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்து ஒரு எண்ணைச் சொல்கிறார்கள். இதில் பத்துப் பேர் பத்தில் ஒரு பங்கு பார்த்தாலும் ஒன்றுதான், ஒருவர் முழுசாகப் பார்த்தாலும் ஒன்றுதான். 'இத்தனை கோடிப் பார்வைகள்' என்று வரும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தக்காளிக் கணக்கும் அப்படித்தான். விமர்சனங்களைத் திரட்டி மதிப்பெண் சொல்லும் ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் நூறு சதவீதம் என்றால் நூற்றுக்கு நூறு என்று பலர் நினைக்கிறார்கள். பரவாயில்லை என்று சொன்ன விமர்சகர்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் அது. எல்லாரும் ஒன்றுபோல 'சுமார்தான், பார்க்கலாம்' என்று சொன்னாலும் நூறு வரும். பாதிப் பேர் காலில் விழுந்து கும்பிட்டு, மீதிப் பேர் கிழித்துத் தொங்கவிட்ட படம் ஐம்பதில் நின்று அழுகல் முத்திரை வாங்கும், ஏனென்றால் அறுபதுக்குக் கீழே எல்லாம் அழுகல்தான். எனக்குப் பிடித்த பல படங்கள் அந்த ஐம்பதுகளில்தான் கிடக்கின்றன.

சரி, எண்களை விடுங்கள். மனிதர் வாயால் சொல்வதாவது தெளிவாக இருக்கிறதா? 'கொஞ்சம் ஸ்லோ' என்கிறார்கள். எது ஸ்லோ? ஆள் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, விளக்கைப் போட்டு, நாற்காலியில் உட்காரும்வரை கேமரா அசையாமல் நிற்கிறதே, அந்த ஸ்லோவா? அது எனக்குப் பிடிக்கும். இல்லை, முதல் எபிசோடில் செத்தவன் யார் என்று நமக்குத் தெரிந்துவிட்ட பிறகும் போலீஸ்காரருக்கு மட்டும் ஏழு எபிசோட் வரை தெரியாத ஸ்லோவா? அது தாங்காது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் நான் என்ன செய்வேன்? 'ஒன் டைம் வாட்சபிள்' என்பது இன்னொன்று. வருஷத்துக்கு எத்தனை படத்தை நாம் இரண்டாம் முறை பார்க்கிறோம், சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது: 'முதல் நாலு எபிசோட் மட்டும் பொறுத்துக்கோ, அப்புறம் பாரு!' நாலு எபிசோட், தலா ஐம்பது நிமிடம். இருநூறு நிமிடம். ஒரு முழுப்படமே பார்த்து முடித்துவிட்டு அடுத்த படத்தில் பாதி தாண்டியிருக்கலாம். இருநூறு நிமிடம் பொறுத்த பிறகு எது வந்தாலும் நன்றாகத்தான் தோன்றும். பல் வலி நின்றால் வருகிற சந்தோஷம் அது.

இந்தக் குழப்பத்துக்கு வெளியிடும் முறையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2013 பிப்ரவரி 1-ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸ்காரர்கள் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' சீரிஸின் முதல் சீசனின் 13 எபிசோட்களையும் ஒரே நாளில் இறக்கினார்கள். அதற்கு முன்னால் வாரத்துக்கு ஒன்று வந்தபோது எல்லாரும் ஒரே இடத்தில் நின்றோம். மூன்றாவது எபிசோட் சொதப்பினால் அந்த வாரமே 'இந்த வாரம் சொதப்பல்' என்று பேச்சு வரும், விட்டவனும் 'நான் விட்டுட்டேன்பா' என்று அந்தப் பேச்சிலேயே சொல்லிவிடுவான். இப்போது ஒருவர் இரண்டில் நிற்கிறார், ஒருவர் விடிய விடிய முடித்துவிட்டார். ஸ்பாய்லர் பயத்தில் யாரும் நடுவில் வாயைத் திறப்பதில்லை. முடித்தவர் மட்டும் பேசுகிறார். இன்றைக்கும் வாரத்துக்கு ஒன்றாக விடும் சீரிஸ்களைப் பற்றிய பேச்சு எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள்.

என் மேலும் ஒரு குற்றம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அக்கா ஒருநாள் கேட்டாள், "ஏதாவது நல்ல படம் சொல்லுடா, எல்லாரும் சேர்ந்து பார்க்கற மாதிரி." முந்தின வாரம் பார்த்த ஒன்றைச் சொன்னேன். நல்ல படம், சத்தியமாக நல்ல படம். ஆனால் நான் அதைப் பார்த்தது நள்ளிரவில், காதில் ஹெட்போன் மாட்டி, தன்னந்தனியாக. அவள் பார்த்தது ஞாயிறு மதியம், மாமனார் மாமியாரோடு, பெரிய திரையில், பிள்ளைகள் தரையில் படுத்திருக்க. இருபதாவது நிமிடத்தில் அந்தக் காட்சி வந்திருக்கிறது. ரிமோட் சோபா மெத்தையின் இடுக்கில் போய்விட்டதாம். மூன்று பேர் சேர்ந்து தேடியிருக்கிறார்கள். மாமனார் திடீரென்று எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாராம், வெயிலில்.

சாயங்காலம் போன் செய்தாள். திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீ இதை யாரோடடா பார்த்த?"

எந்த விமர்சகரும் எனக்குக் கற்றுத்தராததை அக்கா அந்த ஒரு கேள்வியில் கற்றுக்கொடுத்தாள். அதன் பிறகு யாருக்குப் படம் சொன்னாலும் அதைத்தான் முதலில் சொல்கிறேன். தனியாகப் பார்த்தேன், போனில் பார்த்தேன், காய்ச்சலில் படுத்துக்கொண்டு பார்த்தேன். காய்ச்சலில் பார்த்தால் எல்லாப் படமும் கொஞ்சம் நன்றாகவே இருக்கும் என்பது என் அனுபவம்.

பாதியில் விட்டதையும் இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறேன். விட்டேன் என்று மட்டும் சொன்னால் போதாது, ஏன் என்பதும் வேண்டும், ஏனென்றால் எல்லா முறையும் குற்றம் படத்தின் மேல் இல்லை. ஒரு படத்தை நாற்பதாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டு 'போர்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒரு வருஷம் கழித்து வேறு வழியில்லாமல் மறுபடி போட்டால், அசந்துபோனேன். முதல்முறை தூக்கக் கலக்கத்தில், சப்டைட்டில் படிக்கச் சோம்பல்பட்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன். படம் பாவம், என்ன செய்யும்? அதனால் 'தூக்கம் வந்துச்சு, விட்டேன்' என்பது வேறு, 'தங்கச்சி கதாபாத்திரத்தை அழவைக்க மட்டுமே வெச்சிருக்காங்க, அஞ்சாவது தடவை அழுதப்ப விட்டேன்' என்பது வேறு. இரண்டாவது ஒரு முழு விமர்சனம். அதைப் படித்தாலே அது எனக்கு ஒத்துவருமா வராதா என்று தெரிந்துவிடும்.

இன்னொரு கோரிக்கையும் உண்டு. எழுதுகிறவர்களுக்குப் புண்ணியமாகப் போகும், எந்த ஓடிடியில் இருக்கிறது, எந்த மொழி, டப்பிங் இருக்கிறதா, மொத்தம் எத்தனை எபிசோட், கதை இந்த சீசனோடு முடிகிறதா இல்லை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு அடுத்த சீசனுக்குக் கும்பிடு போடுகிறதா, இதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். பாரதியார் அளவுக்கு உருகி எழுதிவிட்டுப் படத்தின் பெயரை மட்டும் சஸ்பென்ஸாக வைக்கிறவர்களை என்ன செய்வதென்றே தெரியவில்லை.

அதே தப்பை நானும் இங்கே செய்திருக்கிறேன், தெரியும். மேலே சொன்ன அந்த சீரிஸின் பெயரைப் பொதுவில் போட்டால் அதை முடித்த அந்த நாற்பது பேரும் படையெடுத்து வந்துவிடுவார்கள். இன்பாக்ஸில் சொல்கிறேன். ஆனால் யாராவது அதைக் கடைசிவரை பார்த்திருந்தால், அந்த அண்ணன்காரன் திரும்பி வந்தானா என்று மட்டும் சொல்லுங்கள். ஸ்பாய்லர் பரவாயில்லை. நாங்கள் ரெண்டு பேரும் பார்க்கப் போவதில்லை.