குறிப்பேடு மட்டும் போதாது
மனக்காட்சிகளைத் தோற்றுவிக்கும் அமேசன் காட்டு மூலிகைப் பானமான அயவாஸ்கா போன்றவை தரும் அனுபவத்தை அன்றாட வாழ்வோடு இணைப்பது தனிமனிதரின் அகப்பணி என்றும், அதற்குக் குறிப்பேட்டில் எழுதுவதும் தியானமும் போதும் என்றும் நான் படித்த கட்டுரையொன்றின் ஆசிரியர் கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கனடாவில் வாழும் என் மைத்துனர் பெரு நாட்டில் அதனை அருந்தியபோது, போர்க்காலத்தில் இறந்த தம் தந்தையைக் கண்டதாகச் சொன்னார். திரும்பி வந்து பக்கம் பக்கமாக எழுதியும் அவரது கலக்கம் தணியவில்லை. யாழ்ப்பாணத்திற்கு வந்து, ஆடி அமாவாசை விரதமிருந்து கீரிமலையில் பிதிர்க்கடன் செய்து, அதுவரை வீட்டில் எவரும் வாய்திறவாத அந்த இறப்பைப் பற்றித் தாயாருடன் பேசத் தொடங்கிய பின்னரே அவருக்கு ஒழுங்கான உறக்கம் வந்தது. அமேசன் காட்டுச் சிபிபோ மக்களிடமும் இம்மருந்து தனித்து நிற்பதில்லை. வைத்தியரின் பாடலும் உணவுக் கட்டுப்பாடும் அதனைச் சூழ்ந்திருக்கின்றன. இத்தகைய அனுபவத்தின் பலன் எல்லோரிடமும் நிலைப்பதுமில்லை. சிலவகைக் காளான்களில் உள்ள, இதுபோலவே மனக்காட்சிகளைத் தோற்றுவிக்கும் சிலோசைபின் பற்றி 2022இல் வெளியான, 233 பேர் பங்கேற்ற ஆய்வில், 25 மில்லிகிராம் பெற்றவர்களுள் மூன்றாம் வாரத்தில் 37 வீதமானோருக்கு மனச்சோர்வு கணிசமாகக் குறைந்திருந்தது. 12ஆம் வாரம்வரை அது நிலைத்தது 20 வீதமானோரிடமே. பலன் மங்கினால் அயவாஸ்காவை மறுபடியும் அருந்தலாம் என அக்கட்டுரைக்கு ஒரு வாசகர் மறுமொழி எழுதியிருப்பது எனக்கு அச்சமூட்டுகிறது. அயவாஸ்காக் கொடியிலுள்ள ஹார்மின் என்னும் வேதிப்பொருள், மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றோடு சேரும்போது உயிராபத்து நேரலாம். ஆகவே அந்த வாசகர் முதலில் பேச வேண்டியது தம் மருத்துவரிடமும் வீட்டாரிடமும்தான்.