மூன்று தங்கம் வென்றவருக்கும் இடம் இல்லை

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில், என் மகள் இரண்டு வருடமாக வில் பழகுகிறாள் என்று தெரிந்ததும் பக்கத்து இலைக்காரர் சொன்னார்: "கொரியாக்காரங்களை ஜெயிக்க முடியாது தம்பி. சின்ன வயசுலேருந்து குச்சியில சாப்பிட்ட கை. விரல் பழக்கம் அப்படி."

இதை நான் கேட்பது முதல் முறை அல்ல. சொன்ன பெரியவர் மேல் கோபம் இல்லை, அந்த விளக்கத்தின் மேல்தான் கோபம். குச்சியில் சாப்பிடுகிறவர்கள் சீனாவிலும் ஜப்பானிலும் வியட்நாமிலும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். 1988 சியோல் ஒலிம்பிக் தொடங்கி 2024 பாரிஸ் வரை பெண்கள் அணிப் பிரிவின் பத்துத் தங்கமும் கொரியாவுக்கு மட்டும் ஏன் போயின?

ஆன் சான் என்ற கொரியப் பெண்ணைப் பற்றிச் சொன்னால் புரியும். டோக்கியோவில் 20 வயதில் மூன்று தங்கம் வென்றார். நம் தீபிகா குமாரியைக் காலிறுதியில் 6-0 என்று தோற்கடித்ததும் இவர்தான். நம் ஊராக இருந்தால் அடுத்த ஒலிம்பிக்குக்கான விமான டிக்கெட்டில் அவர் பெயரைத்தான் முதலில் எழுதியிருப்போம். கொரியாவில் அவரும் மற்றவர்களோடு வரிசையில் நின்று தேர்வில் அம்பு விட வேண்டியிருந்தது. தேறவில்லை. பாரிசுக்குப் போகவில்லை. போன மூன்று பெண்களுக்கும் அதுதான் முதல் ஒலிம்பிக். ஒன்பது முறை தொடர்ந்து வென்ற பட்டத்தைக் காக்க மூன்று புதுமுகங்களை அனுப்பும் தைரியம் அவர்களுக்கு இருந்தது. இறுதியில் சீனாவோடு 4-4 என்று சமன் ஆகி, கூடுதல் அம்புகளில் வென்றார்கள். அந்த மூவரில் ஒருவரான நாம் சு-ஹியோன்தான் தனிநபர் காலிறுதியில் தீபிகாவைத் தோற்கடித்தவர்.

டோக்கியோ கதை இன்னும் சுவையானது. கொரோனாவால் போட்டி ஒரு வருடம் தள்ளிப்போனது. 2020-க்காக நடந்த தேர்வை அப்படியே வைத்துக்கொள்ளாமல் மறுபடி முதலிலிருந்து நடத்தினார்கள். முந்தைய தேர்வில் தோள் காயத்தால் விலகிய கிம் ஜே-டியோக் என்ற பையன் இந்த முறை உள்ளே வந்தான். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து இறங்கும் கலப்பு இணைக்கு யார் என்பதையும் டோக்கியோவில், போட்டிக்கு முன் எல்லோரும் விடும் தரவரிசைச் சுற்றின் புள்ளிகளே தீர்மானித்தன. 2012-இல் தனிநபர் தங்கம் வென்ற ஓ ஜின்-ஹியெக் அதே அணியில் இருந்தார். ஆனால் அன்று அதிகப் புள்ளி எடுத்தது 17 வயது கிம்மும் ஆன் சானும். அணியிலேயே இளையவர்கள் இருவரும் இறங்கினார்கள், தங்கத்தோடு வந்தார்கள்.

வில்வித்தையில் இப்படிப் புள்ளியைப் பார்த்தே ஆள் எடுப்பது சாத்தியம், ஏனென்றால் இங்கே கருத்துக்கு வேலை இல்லை. 70 மீட்டர் தள்ளி நிற்கும் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 12.2 சென்டிமீட்டர், பழைய சிடி தகடு அளவு. அம்பு அதில் இருக்கிறது அல்லது இல்லை. பாரிஸ் ஆண்கள் இறுதியில் கிம் வூ-ஜின்னும் அமெரிக்காவின் பிராடி எலிசனும் கடைசி அம்பில் ஆளுக்குப் பத்து எடுத்தார்கள். மையத்துக்கு 4.9 மில்லிமீட்டர் நெருக்கமாக இருந்ததால் தங்கம் கிம்முக்கு. தங்கத்தையே இப்படி அளந்து கொடுக்கும் விளையாட்டில் அணித் தேர்வை மட்டும் ஏன் வாய்ப்பேச்சில் விட வேண்டும்?

சொந்த அனுபவம் ஒன்று. போன வருடம் ஒரு தேர்வுப் போட்டி. மகள் மூங்கில் வில்லில் 30 மீட்டர் விட்டாள். ஒவ்வொரு சுற்றும் முடிந்து இலக்குக்கு நடந்து போய், அம்பில் கை வைப்பதற்கு முன் எண்ணைச் சொல்லி எழுதி, கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். கூட்டிப் பார்த்தால் மூன்றாவது இடம். நான்கு பேர் தேவை. மாலையில் ஒட்டிய பட்டியலில் அவள் பெயர் இல்லை, புள்ளிகளும் இல்லை, வெறும் பெயர்கள். கேட்டதற்கு "அனுபவம் பார்த்தோம் சார்" என்றார்கள். பஸ்ஸில் அவள் கேட்டாள்: "நான் கூட்டினது தப்பாப்பா?" அந்தக் கேள்விதான் இன்று என்னை எழுத வைக்கிறது. தோற்றிருந்தால் அழுதுவிட்டு மறுநாள் மைதானத்துக்குப் போயிருப்பாள். தன் கணக்கையே சந்தேகப்படும்படி பிள்ளையை ஆக்கிவிட்டார்கள்.

நம்மிடம் திறமை இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். நிர்வாகத்தில் இரு தரப்புச் சண்டையால் 2019-இல் உலக வில்வித்தைக் கூட்டமைப்பு நம் நாட்டு வில்வித்தைச் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. அந்த நவம்பரில் பாங்காக்கில் நாட்டுக் கொடி இல்லாமல் நின்றுதான் தீபிகா டோக்கியோவுக்கான இடத்தை வாங்கினார். ஹாங்சோ ஆசியப் போட்டியில் காம்பவுண்ட் பிரிவின், அதாவது முனைகளில் சக்கரம் வைத்த வில்லின், ஐந்து தங்கமும் நமக்கே. 2023-இல் அதிதி சுவாமி 17 வயதில் உலகச் சாம்பியன். இரண்டு கையும் இல்லாமல் காலால் வில் பிடிக்கும் ஷீத்தல் தேவி பாரிஸ் பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கினார்.

2028 லாஸ் ஏஞ்சலஸில் காம்பவுண்ட் கலப்பு அணி முதல் முறையாக ஒலிம்பிக்குக்கு வருகிறது. நாம் பலமாக இருக்கும் பிரிவு. நான் கேட்பது ஒன்றுதான்: மாவட்டத்திலிருந்து தேசிய அணி வரை எந்தத் தேர்வானாலும், ஒவ்வொருவரின் ஒவ்வொரு அம்புக்கும் என்ன புள்ளி என்பதை அன்று மாலையே பட்டியலோடு ஒட்டுங்கள். ஒரு தாள், நான்கு குண்டூசி. என் மகள் நாலாவதா அஞ்சாவதா என்று அவளே போய்ப் படித்துக்கொள்வாள்.