128 பாட்டை 320 ஆக்கினால் தரம் உயராது

‘பழைய 128 கேபிபிஎஸ் எம்பி3 பாட்டை 320-க்கு மாற்றினால் சிடி தரம் வந்துவிடும்’ என்று மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது (கேபிபிஎஸ் என்றால் ஒரு நொடிப் பாட்டுக்கு எத்தனை கிலோபிட் தரவு என்ற கணக்கு). தவறு. எம்பி3 ஆக்கும்போதே, காதுக்கு அதிகம் தெரியாது என்று கணித்த ஒலிகளை மென்பொருள் வெட்டிவிடுகிறது. 128-ல் பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலான மிகக் கூர்மையான ஒலிகள் எதுவும் மிஞ்சாது. போனது போனதுதான். நான்கு நிமிடப் பாட்டு 3.8 மெகாபைட்டிலிருந்து 9.6 மெகாபைட்டாக ஊதும், அவ்வளவுதான். மறுபடி சுருக்குவதால் இன்னும் கொஞ்சம் கெடவும் செய்யும்.

மாட்டுத்தாவணி போகும் ஷேர் ஆட்டோவில், டிரைவர் அண்ணன் காசு கொடுத்துப் பாட்டுகளை 320-க்கு மாற்றி வாங்கிய பென்டிரைவைப் போட்டார். ஜால்ரா தண்ணீருக்குள் சலசலப்பது போலக் கேட்டது. மனசு கஷ்டமாகிவிட்டது. சரி, நல்ல தரம் வேண்டுமென்றால் சிடியிலிருந்தே நேராக 320-ல் எடுங்கள் அண்ணே, மாற்றுவதற்குக் காசு கொடுக்காதீர்கள்.