திருகு மூடி போட்டால் மட்டமான ஒயினா?

"கார்க் இருந்தால்தான் நல்ல ஒயின், திருகு மூடி எல்லாம் மட்டமான சரக்கு" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். ஒயின் கடையில் வேலை பார்ப்பவன் நான். மூடியை வைத்துத் தரம் சொல்ல முடியாதுங்க.

ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் தயாரிக்கும் பலர் 2000-இல் சேர்ந்தே திருகு மூடிக்கு மாறினார்கள். காசு மிச்சம் பிடிக்க இல்லை. கார்க்கில் டிசிஏ என்ற வேதிப்பொருள் இருந்துவிட்டால் ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும், பழ மணம் செத்துவிடும். லிட்டருக்குச் சில நானோகிராம் போதும். ரீஸ்லிங் மாதிரி மென்மையான ஒயினில் அது உடனே காட்டிக்கொடுக்கும். நியூசிலாந்திலும் இன்று பெரும்பாலான பாட்டில்களில் திருகு மூடிதான்.

"அதில் ஒயின் முதிராது" என்பதும் தவறு. நல்ல கிளேர் ரீஸ்லிங் திருகு மூடியோடு பத்து வருடம் தாண்டியும் அழகாக முதிர்கிறது.

சரி, பிரான்ஸின் போர்டோ பகுதியில் ஒயின் தயாரிக்கும் பெரிய பெயர்கள் இன்னும் கார்க்கைத்தான் நம்புகின்றன, மறுக்கவில்லை. அந்த 'டப்' சத்தம் எனக்கும் பிடிக்கும். அப்புறம், ஓட்டலில் கார்க்கை எடுத்து முகர்ந்து பார்க்கிறார்களே, அதில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கிளாஸை முகருங்கள்.